ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது

பெடல் இல்லாத சைக்கிளோடு புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்ற புதுப்பெண் சாம்பியன் ரீப்ஸில் நான் ஒருத்திதான். சும்மா சொல்லவில்லை, நாலு பேரிடம் விசாரித்தும்விட்டேன்.

குடியாத்தத்தில் கல்யாணம் முடிந்து மறுநாள் ரயிலேறி சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கினோம். மாமியாரும் மற்றவர்களும் மூட்டை முடிச்சோடு ஜட்காவில் முன்னால் போய்விட்டார்கள். இவர், அதாவது என் வீட்டுக்காரர், ஸ்டேஷனில் கூட்டாளியிடம் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, "பின்னாடி உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். லைன் என்கிற எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் போகிற ரோடு கடைசிவரை மேடு. இவர் மிதிக்க மிதிக்க வலது பெடல் 'கிரீச்… டொக், கிரீச்… டொக்' என்று கத்திக்கொண்டே வந்தது. ஊரே எங்களைத் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

லைன் முனையில் காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள் நடுரோட்டில் வந்து நின்று கையை நீட்டினார். போலீஸ் என்றே நினைத்தேன்.

"எறங்கும்மா" என்றார் என்னிடம். இறங்கினேன். பிறகு இவரைப் பார்த்து, "இன்னாடா, வலது பக்கம் அழுதுகினு கீது? எத்தினி நாளா?" என்றார்.

"மாமா, கல்யாணம் முடிஞ்சி இப்பதான் வர்றேன். அப்பால பாக்கலாம்."

"கல்யாணம் நேத்தே முடிஞ்சிபோச்சி. இது இன்னிக்கும் அழுவுது இல்ல?"

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவினார். சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, கையில் சைக்கிள். இரண்டு பெடலும் கழன்று அவருடைய காக்கிப் பையில் இறங்கின. "நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

மாமியார் ஆலத்தித் தட்டோடு வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். அது புத்தர் படம் வைத்த வீடு. ராகுகாலம் எமகண்டம் பார்ப்பதில்லை என்று மாமனார் காலத்திலேயே முடிவாகிவிட்டது. ஆனாலும் மாமியார் யாருக்கும் தெரியாமல் பார்ப்பார். அவர் பார்த்துவைத்திருந்த நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது. சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தக் கட்டையில போறவன் கையில சிக்கினியா?" என்று பிள்ளையைக் கேட்டார். இப்படித்தான் அந்த மனிதர் என் வாழ்க்கைக்குள் வந்தார்.

பெயர் சொல்லமாட்டேன். வயசில் மூத்தவர், பக்கத்து வீட்டுக்காரர், மரியாதை ஒன்று இருக்கிறது. முகத்துக்கு நேரே மாமா என்போம், முதுகுக்குப் பின்னால் கிரீஸ் மாமா என்போம். அவருக்கு இரண்டும் தெரியும்.

மைன், அதாவது எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், கவர்மெண்ட் கைக்கு வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. இவர் ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பூமிக்கு அடியில் எத்தனையோ லெவல் தாண்டி வேலை செய்கிறவர். கிரீஸ் மாமா அதற்கு நேர் எதிர். ஷாஃப்டுக்கு மேலே வானத்தை முட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கோபுரம் நிற்கும். அதன் உச்சியில் இரண்டு பெரிய சக்கரம். கேஜைத் தொங்கவிடுகிற கம்பிக் கயிறு அதன்மேல்தான் ஓடும். மாமாவுக்கு அந்தச் சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுகிற வேலை. காற்றிலும் மழையிலும் ஏணி ஏறி உச்சிக்குப் போய், காதை வைத்துக் கேட்டு, கிரீஸ் போட்டுவிட்டு இறங்குவார். அங்கே ஒரு சின்ன முனகல் வந்தால்கூட கேஜில் தொங்குகிற அத்தனை பேர் உயிரும் அதில் இருக்கிறது என்பார். "சத்தம் வந்தா ஏதோ தேயுதுன்னு அர்த்தம்." இதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

மேலே அது சரிதான். ஆனால் மனிதர் அந்தக் காதைக் கழற்றி மைனிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கோபுரச் சக்கரத்துக்கு ஊரில் நெருங்கிய சொந்தம் சைக்கிள் பெடல்தான் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ!

வேலை விட்டு வந்ததும் வாசலில் பலகை போட்டு உட்காருவார். முன்னால் ஒரு பீங்கான் பேசினில் மண்ணெண்ணெய். பெடல் மூடியைத் திருகி எடுப்பார். லாக் நட், வாஷர், அதற்குள்ளே கோன் என்று சொல்கிற ஒரு கூம்பு நட், எல்லாம் வரிசையாகத் துணிமேல் வரும். அப்புறம் பெடலைக் கவிழ்த்தால் பொலபொலவென்று சின்னச் சின்ன இரும்புக் குண்டு விழும். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு. கோழி இறகால் துடைத்து, கிரீஸ் தடவி, அத்தையின் கொண்டை ஊசியால் ஒவ்வொரு குண்டாக ஒட்டவைப்பார். அத்தை என்றது அவர் மனைவியை. கொண்டை ஊசி இல்லாமல் அந்தம்மாள் பாதி நாள் தலைவிரிகோலமாகத்தான் திரிந்தார்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை, யாரும் செய்யலாம். கோனை இறுக்குவதில்தான் அவர் உயிர் இருந்தது. கொஞ்சம் தளர்ந்தால் பெடல் ஆடும், கொஞ்சம் இறுகினால் சுற்றாது. பாடுபட்டு சரியாக வைத்து மேலே லாக் நட்டை இறுக்கினால், அந்தப் பாவி கோனையும் சேர்த்துத் திருப்பிவிடும். மறுபடியும் முதலிலிருந்து. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பெடல் அச்சின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, விரலால் பெடலைச் சுற்றுவார். குண்டு உருளுவது காதைவிடப் பல்லுக்கு நன்றாகக் கேட்குமாம். வாயில் பெடலோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்த்துப் புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சரியாக அமைந்துவிட்டால் வாயிலிருந்து எடுத்து, "ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது" என்பார்.

அதோடு நிறுத்தினாரா? எங்கள் வீட்டு இட்லி மாவைப் பார்த்தும் அதையே சொன்னார். எதிர்வீட்டு முனியம்மாவும் அவள் புருஷனும் சட்டி பானை பறக்கச் சண்டை போட்டபோது பஞ்சாயத்துக்கு வந்து, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர்கள் அதற்கு என்ன அர்த்தம் என்று தனியாக ஒரு சண்டை போட்டார்கள்.

இதில் பாவம், அவர் மகள். பெண் பார்க்கப் பக்கத்து மைனான நந்திதுர்க்கிலிருந்து நாலு பேர் நாலு சைக்கிளில் வந்தார்கள். உள்ளே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரமாகப் பெண்ணின் அப்பாவைக் காணோமே என்று மாப்பிள்ளையின் சித்தப்பா எட்டிப்பார்த்தால், வாசலில் நாலு மொட்டை சைக்கிள். எட்டு பெடலும் ஒரே பேசினில் மிதக்கின்றன.

"இன்னாங்க இது?"

"நாலு வண்டியும் அழுவுதுங்க. எப்படித்தான் இவ்ளோ தூரம் மிதிச்சிகினு வந்தீங்களோ! தோ, ஆயிடும், உள்ள போய் உக்காருங்க."

எட்டு பெடலுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு குண்டு. போதாததற்கு இடது பெடலின் மரை தலைகீழ், வலது பெடல் அந்தப் பக்கம் ஏறாது. எது யாருடையது, எது எந்தப் பக்கம் என்று அவர் பிரித்துக்கொண்டிருந்தபோது இரண்டு குண்டு குறைந்தது. எல்லாருமாகத் தரையில் தவழ்ந்து தேடினோம். மாப்பிள்ளையும் தேடினார். கடைசியில் அத்தைதான் மெல்லிய குரலில், "கோழி இங்கதான் பொறுக்கிகினு இருந்திச்சி" என்றார். மாமா கோழியைப் பார்த்தார், கோழி மாமாவைப் பார்த்தது.

அன்று அவர்களுக்குக் கறிக்குழம்பு. இரைப்பையிலிருந்து இரண்டு குண்டும் பளபளவென்று வந்தன. கழுவிப் பார்த்துவிட்டு, கோழிகூட நன்றாகத்தான் பாலிஷ் போட்டிருக்கிறது என்று மாமா மெச்சினார். பெடல் மாட்டி முடிக்கும்வரை கிளம்பவும் முடியாமல், பேச வேறு விஷயமும் இல்லாமல், வந்தவர்கள் கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டார்கள்.

இந்த அத்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். அதிகம் பேசாத பெண்பிள்ளை. மாமாவுக்கு அவர்மேல் ஒரே ஒரு குறை, அதையும் லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். "இந்த வூட்டுல நான் வர்றப்ப ஒரு நாளாவது டீ ரெடியா இருந்திருக்குதா? வந்து உக்காந்து, அப்பால தண்ணி வெச்சி, அப்பால அடுப்ப ஊதி!" அத்தை சாயந்திரம் நாலு மணியானால் ஏழெட்டுத் தடவை வாசலுக்கு வருவார், ரோட்டைப் பார்ப்பார், போவார். கோழியைத் தேடுகிறார் என்று நினைத்தோம். கோழி குழம்பான பிறகும் வந்து வந்து போனார். அப்போதும் நாங்கள் கோழியைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தோம். நம் புத்தி அவ்வளவுதான்.

என் கல்யாணத்தன்று கழன்ற பெடல் மறுநாள் ஊமையாகத் திரும்பி வந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. புதுப்பெண், நாலு மணிக்கு முன்னாலேயே வாசலில் நின்றுவிடுவேன், காது எதற்கு? இரண்டு மாசத்தில் மழை பெய்தது, பெடலுக்குள் சேறு போனது, பழையபடி 'கிரீச்… டொக்' ஆரம்பித்தது. மாமா ஒருவர், சைக்கிளோ ஊர்முழுக்க. ஒன்றை அடக்கினால் ஒன்பது கத்தும்.

குழந்தை பிறந்து, அடுப்படியே கதி என்று ஆனபிறகுதான் அந்தச் சத்தத்தின் அருமை தெரிந்தது. எங்கள் லைன் வீடுகளில் அடுப்பு பின்பக்கம். முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் அந்த மேட்டை ஏறி வரும்போது மிதி பலமாக விழும், பெடல்கள் பேச ஆரம்பிக்கும். 'கிரீச்… டொக்' கேட்டால் இவர். டீத்தண்ணியை அடுப்பில் வைப்பேன். தண்ணி கொதிக்கவும் இவர் சைக்கிளைச் சாய்க்கவும் சரியாக இருக்கும். எதிர்வீட்டு முனியம்மாவின் புருஷன் வண்டி 'கீச்சு கீச்சு' என்று வந்து கடைசியில் ஏப்பம் விடும். மூலைவீட்டு ரோசக்காவின் புருஷன் வண்டி இருமும். லைனில் ஒவ்வொருத்திக்கும் ஒரு சத்தம். யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதை யாராவது ஊரில் சொல்லிக்கொண்டு திரிவார்களா?

உள்ளே போகிறவர்கள் திரும்பி வருவது அங்கே சாதாரண விஷயமில்லை. பூமிக்கடியில் பாறை திடீரென்று வெடிக்கும். பர்ஸ்ட் என்போம். வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும், சுவர் நடுங்கும். எந்த ஷாஃப்ட், எந்த லெவல், யார் என்று மேலே இருக்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. என் மாமியாரின் கட்டளை ஒன்று இருந்தது. ஷாஃப்ட் வாசலுக்கு ஓடக்கூடாது, வாசலில் நின்று எட்டிப்பார்க்கவும் கூடாது, அடுப்பை மூட்டிவைத்துக்கொண்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவேண்டும். தேடிப்போனால் கெட்ட சேதி எதிரே வரும் என்பார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்படி உட்கார்ந்திருக்கிறவளுக்குக் காதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அந்த வருஷம் மாமாவுக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆயிற்று. ஏணி ஏறக்கூடாது, ஒன்றரை மாசம் வீட்டிலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கு நல்ல மனசுதான், ஆனால் எங்கள் லைனைப் பற்றி ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். ஒன்றரை மாசத்தில் லைனில் இருந்த ஒரு பெடல் விடாமல் கழற்றிவிட்டார் மனிதர். இந்தத் தடவை அரைகுறை வேலையில்லை. பழைய தோலை வெட்டி உள்ளே மழைத்தண்ணி போகாதபடி வளையம் வைத்தார். தேய்ந்த கோனுக்குப் புதுக் கோன் போட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று லைன் முனையில் நின்று, ஷிப்ட் விட்டு வந்த சைக்கிள்களை எல்லாம் பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார் என்று இவர் வந்து சொன்னார்.

எங்களுக்கும் கண்ணில் தண்ணீர்தான், வேறு காரணம். டீத்தண்ணி எப்போது வைப்பது என்று தெரியவில்லை. வைத்தால் சுண்டிப்போனது, வைக்காவிட்டால் "இன்னாமே, டீ எங்க?" என்று முதுகுக்குப் பின்னால் குரல். முனியம்மா ஒருநாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து, அவள் புருஷன் குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் நடித்து முடித்ததும், "மூச்ச உள்ள இழுக்கறப்ப இன்னும் கொஞ்சம் விசில் வரும்" என்று பின்னாலிருந்து அவனே திருத்தினான்.

ஆம்பளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பூனை மாதிரி வருகிறார்கள், பூனை மாதிரி சீட்டாடக் கிளம்புகிறார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் கேட்டுவிடுகிறார்கள். மாமாவுக்கு நாலா பக்கமும் பீடிக்கட்டு மரியாதை.

பொறுக்கமுடியாமல் நானும் முனியம்மாவும் ரோசக்காவும் போய் நின்றோம்.

"மாமா, பழையபடி சத்தம் வேணும்" என்றேன்.

"இன்னாது?"

"பெடல் சத்தம். எங்களுக்கு வேணும்."

ஒரு கணம் என்னைப் பைத்தியமா என்று பார்த்தார். "சத்தம் வந்தா ஏதோ தேயுதுன்னு அர்த்தம்மா."

"தேயட்டுமே. எங்க வூட்டு பெடல்தான?" என்றாள் முனியம்மா.

"நல்லா கீற பொருள கெடுக்கச் சொல்றீங்களா? இந்தக் கையாலயா? போங்கம்மா, போய் வேலையப் பாருங்க."

அவ்வளவுதான். பஞ்சாயத்து முடிந்தது.

அதற்கடுத்த வாரம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும், தரை குலுங்கியது. அலமாரியிலிருந்து இரண்டு சொம்பு உருண்டு விழுந்தது. குழந்தை வீறிட்டது. மாமியார் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். நான் அடுப்பை மூட்டி, ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இவருக்கு முதல் ஷிப்ட்.

மூன்று மணிச் சங்கு ஊதியது. மூன்றரை ஆயிற்று. முன்பெல்லாம் இந்நேரம் தூரத்தில் ஒரு கீச்சு, ஒரு இருமல் கேட்க ஆரம்பிக்கும். எது கேட்டாலும் பாதி உயிர் வரும், ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரியும். அன்று ஒன்றும் இல்லை. காக்காய் கத்துவது கேட்டது, அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. நாலு மணி. செத்துப்போனார், இனி வரமாட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். குடியாத்தத்துக்கு எப்படித் திரும்பிப் போவது என்றுகூட யோசித்தேன். நாலரை இருக்கும், ஒரு கை என் தோளைத் தொட்டது.

இவர்தான். ஆனால் எனக்கு இவர் செத்துப்போய் அரைமணி ஆகியிருந்ததே! "ஐயோ!" என்று நான் போட்ட கூச்சலும், ஊதுகுழலால் நெற்றியில் போட்ட போடும் ஒன்றாக விழுந்தன. இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் கூச்சலைக் கேட்ட முனியம்மா, என் வீட்டில்தான் சேதி வந்துவிட்டது என்று மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். அவள் அலறியது கேட்டு ரோசக்கா முனியம்மா புருஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒப்பாரி வைத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆம்பளை சத்தமில்லாமல் வந்து பெண்டாட்டியைத் தொட, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூச்சல். பத்து நிமிஷத்தில் லைன் முழுக்க இழவு. சாகாத புருஷன்கள் எல்லாம் வாசலில் நின்று, யார் செத்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பர்ஸ்ட் நடந்தது ஆளில்லாத பழைய லெவலில். அன்று எங்கள் லைனில் ரத்தக்காயம் பட்ட ஒரே ஆள் இவர், அடித்தவள் நான்.

அந்த நேரம் பார்த்துக் கிரீஸ் மாமா ஓசையே இல்லாமல் மேடேறி வந்து சைக்கிளை விட்டு இறங்கினார். முகம் வெளுத்துப்போய், "யாரும்மா? யாரு போயிட்டாங்க?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மரியாதை கிரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "யாரும் போவல! எல்லாரும் உயிரோட வந்தாங்க, அதான் அழுவுறோம். வர்றது கேட்டாத்தான மாமா, வர்றாங்கன்னு தெரியும்? நாலரை மணிவரைக்கும் நான் முண்டச்சியா உக்காந்திருந்தேன். உங்க கிரீஸ்ல மண்ணப் போட!" என்று கத்தி, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு நின்ற இவரைப் பார்த்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்து பார்த்தால் மாமா வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேசினில் மண்ணெண்ணெய். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய சலித்த மண்.

"ஒவ்வொருத்தரா வாங்க. வண்டியும் வரட்டும், வூட்டுக்காரியும் வரட்டும். இன்னா சத்தம்னு சொல்லிக் காட்டுங்க."

லைன் பெண்கள் எல்லாம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். முதல் ஆள் நான். "கிரீச்… டொக்" என்றேன். காதில் பஞ்சு, வாயில் பெடல், கண்ணால் இன்னொரு தடவை என்று கேட்டார். "கிரீச்… டொக்." கிரீஸைத் துடைத்து எடுத்து, ஒரு சிட்டிகை மண் போட்டார். கிரீச் வந்தது. இரண்டு குண்டை எடுத்துவிட்டு கோனைக் கால் சுற்று தளர்த்தினார். டொக் வந்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் ஆடணும் மாமா."

அந்த வார்த்தை கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். "இப்ப கெட்டுப்போச்சா?"

"நல்லா கெட்டுப்போச்சி மாமா. மகராசனா இருங்க."

முனியம்மா கீச்சை எளிதில் வாங்கிவிட்டாள், ஏப்பத்துக்குத்தான் ஒரு மணிநேரம் ஆனது. ரோசக்கா தனக்குப் பழைய சத்தம் வேண்டாம், அது மாமியார் இருமுகிற மாதிரியே இருக்கிறது, வேறு நல்லதாகக் கொடுங்கள் என்று பேரம் பேசினாள். பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் ஒரே 'டடக் டடக்'கைச் சொல்லிவிட்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள். இத்தனை வருஷமும் யார் முதலில் வந்தாலும் இரண்டு வீட்டிலும் டீ கொதித்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஆம்பளைகள் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

பொழுது சாயும்போது வரிசை முடிந்தது. மாமா பேசினை நகர்த்தி எழுந்திருக்கப் போனார். அப்போது அத்தை உள்ளேயிருந்து மாமாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசை நின்ற இடத்தில் நின்றார்.

"உனக்கு இன்னா?" என்றார் மாமா. "என் வண்டி சத்தமே போடாது."

"அதான்" என்றார் அத்தை.

மாமாவுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை.

"இருவத்திரெண்டு வருசமா நீங்க வர்றது எனக்குத் தெரிஞ்சதே இல்ல. அவ்ளோ ஒசரத்துல ஏறி நிக்கிற ஆளு. காத்தடிச்சா ஒண்ணு, மழ பேஞ்சா ஒண்ணு. இவங்களுக்காவது ஒரு சத்தம் இருந்திச்சி. நான் எட்டு தடவ வாசலுக்கு வருவேன், நீங்க இருக்கமாட்டீங்க. அப்பால திரும்பினா பின்னாடி நிப்பீங்க, டீ எங்கன்னு கேப்பீங்க."

அத்தை அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மாமா காதிலிருந்து பஞ்சை எடுத்தார். நகர்த்திய பேசினை மறுபடி முன்னால் இழுத்து, "இன்னா சத்தம் வேணும்?" என்றார்.

அத்தை யோசித்தார். பாவம், சொல்லிக்காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியல. எதுனா ஒண்ணு. தூரத்துலயே கேக்கணும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு லைன் பழையபடி ஆகிவிட்டது. 'கிரீச்… டொக்' வந்தது, டீத்தண்ணி வைத்தேன், நெற்றியில் கட்டோடு இவர் வந்தார். கீச்சு வந்தது, ஏப்பம் வந்தது. எல்லாரும் வந்து சேர்ந்தபிறகு மேட்டின் கீழே இன்னொன்று கேட்க ஆரம்பித்தது. தகரக்கொட்டகையை யாரோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி அப்படி ஒரு நாராசம். எந்த வீட்டுச் சத்தமும் இல்லை அது. நாங்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடினோம்.

கிரீஸ் மாமா மிதித்துக்கொண்டு வந்தார். பல்வலிக்காரன் முகம். ஒவ்வொரு மிதிக்கும் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். யாரையும் பார்க்கவில்லை. அன்று அத்தை ஒரு தடவைகூட வாசலுக்கு வரவில்லை. மாமா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து, "ஐயோ, நாக்கு! இன்னாடி இது, இந்தக் கொதி கொதிக்குது!" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல் வந்தது.

"மேடு ஏறறப்பவே கேட்டுச்சி" என்றார் அத்தை. "அதான் சூடா கீது. ஊதிக் குடிங்க."